பத்து ரூபாய்க்கு ஓர் எம்-புக்: அரசுச் செலவைக் கண்காணிக்கும் குழுக்களுக்கு ஆர்டிஐ எந்த அளவுக்கு உழைக்கிறது?

தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் பல்லிளிக்கிறது. 'ஏன் இவ்வளவு மோசமாகப் போட்டீர்கள்?' என்று கேட்டு ஆர்டிஐ, அதாவது தகவல் பெறும் உரிமைச் சட்ட மனு போட்டால், ஒரு மாதம் கழித்து 'கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் வரும். அதே பத்து ரூபாய் வில்லையை ஒட்டி 'மேற்படி சாலைப் பணியின் அளவுப் புத்தகத்தின் சான்றளிக்கப்பட்ட நகல் தருக' என்று எழுதினால், எத்தனை மீட்டருக்கு, எத்தனை சென்டிமீட்டர் தடிமனுக்கு, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் பணம் போனது என்ற விவரம் கைக்கு வந்துவிடும். கட்டணம் ஒன்றுதான், அலுவலகமும் ஒன்றுதான். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் வேலை செய்யும் சேவை இது. இதன் பெரிய குறையும் அதுவே.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997இல், நாட்டிலேயே முதலாவதாக மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. இன்றைய சட்டத்துக்கு வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் பில்களையும் கூலிப் பட்டியல்களையும் ஊர் நடுவே உரக்க வாசித்து, 'இந்த வேலை நடந்ததா, இந்த ஆள் கூலி வாங்கினாரா' என்று ஊராரையே கேட்டார்கள். சென்னையில் அறப்போர் இயக்கம் போன்றவை டெண்டர் ஆவணங்களை வைத்துச் செய்வதும் சாராம்சத்தில் அதே வேலைதான்: தாளில் உள்ளதையும் தரையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனுவுக்கு 10 ரூபாய், ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் இலவசம். ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழக அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவின் மேல் ஓரத்தில் ஒட்டினால் போதும். அஞ்சலகத்தில் கிடைக்கும் வருவாய் வில்லையை ஒட்டி அனுப்பித் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம்; இரண்டும் வேறு வேறு. மத்திய அரசு அலுவலகம் என்றால் நீதிமன்ற வில்லை செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். குழுவின் லெட்டர்ஹெட்டில் குழுவின் பெயரால் மனு போடாதீர்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவு உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது, சங்கங்களுக்கு அல்ல. உறுப்பினர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் போடட்டும். ஒவ்வொரு முறையும் ஒருவரே போட்டால் அவர்மேல் முத்திரை விழும், சில ஊர்களில் மிரட்டலும் வரும். பெயரை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க 6(2) பிரிவின்படி யாருக்கும் அதிகாரம் இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

எதைக் கேட்பது

மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் தன் கோப்பில் இருப்பதைத் தந்தால் போதும். இல்லாத ஒன்றைத் தொகுத்தோ விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஆவணத்தின் பெயர் தெரிந்திருப்பதே பாதி வேலை. ஒரு சாலைக்கோ கால்வாய்க்கோ கோப்பில் இவை இருக்கும்: நிர்வாக ஒப்புதல் ஆணை, தொழில்நுட்ப ஒப்புதல், எஸ்டிமேட், டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, ஒப்பந்தம், அளவுப் புத்தகம், பில், தரப் பரிசோதனை அறிக்கை, பணி நிறைவுச் சான்று. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்பது பேராசை. எஸ்டிமேட், அளவுப் புத்தகம், தர அறிக்கை, இறுதி பில் ஆகிய நான்கும் போதும்.

பணியின் பெயரை மட்டும் அப்படியே, எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். 'எங்கள் தெரு சாலை' என்றால் 'அப்படி ஒரு பணி இல்லை' என்பார்கள். பணி நடக்கும் இடத்துப் பெயர்ப் பலகையையோ, மாநில அரசின் டெண்டர் இணையதளத்தையோ பார்த்துப் பணியின் முழுப் பெயரையும் டெண்டர் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வழக்கில் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், இந்தச் சேவையில் கிடைக்கும் சரக்கிலேயே உயர்ந்தது அதுதான். பக்க எண் அச்சிட்ட புத்தகம். பணியின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று பத்திகள் இருக்கும். களத்தில் அளந்த பொறியாளர் எழுதுவார், மேலதிகாரி ஒரு பங்கை மறு அளவீடு செய்து கையெழுத்திடுவார். எழுதியதன்மேல் திருத்தி எழுதக் கூடாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மொத்த அளவு. எஸ்டிமேட்டில் 281.25 கன மீட்டர், எம்-புக்கிலும் 281.25 என்று இரண்டு தசம இடம் வரை அச்சடித்தாற்போல் ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள். உண்மையில் டேப் பிடித்து அளந்த சாலை எஸ்டிமேட்டோடு அப்படிப் பொருந்தாது. அளக்கப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து எஸ்டிமேட்டைப் பார்த்து எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது அளந்த தேதி. பணி ஆணைக்கு முந்திய தேதியோ, அரசு விடுமுறை நாளோ, விடாமல் மழை பெய்த நாளோ இருந்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

இப்போது டேப்பை எடுக்கலாம். 500 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 281.25 கன மீட்டர் கான்கிரீட். நீளத்தையும் அகலத்தையும் ஏமாற்றுவது கடினம், யார் வேண்டுமானாலும் அளக்கலாம். கையை வைப்பது தடிமனில்தான். 15 சென்டிமீட்டர் 12 ஆனால் 225 கன மீட்டர்தான் போட்டிருக்கிறார்கள், 56.25 கன மீட்டர் மாயம். லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் என்று வைத்தால் ஒன்பது ரெடிமிக்ஸ் லாரிக்கு மேல். எம்20 தரக் கான்கிரீட் கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்ற கணக்கில் ஏறத்தாழ 450 மூட்டை.

சாலையின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு '15 இருக்கிறதே' என்று திரும்பிவிடாதீர்கள். பலகை அடித்த ஓரத்தில் முழுத் தடிமன் காட்டி, நடுவில் மண்ணை உயர்த்திக் கான்கிரீட்டைக் குறைப்பது பழைய வித்தை. நடுத் தடிமன் தெரியக் கோர் கட்டிங், அதாவது சாலையைத் துளைத்து உருளை வடிவில் மாதிரி, எடுக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்காக யாராவது சாலையை வெட்டும் நாள் காசில்லாத கோர் கட்டிங்; அன்றைக்கு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பார்த்தால் 2(j) பிரிவே பணியைப் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. மனுவில் இதையும் ஒரு வரி கேட்டு வையுங்கள். மாதிரி எளிதில் தர மாட்டார்கள், ஆனால் மறுத்த கடிதம் மேல்முறையீட்டில் உதவும்.

தர அறிக்கை வந்தால் கியூப் டெஸ்ட் தேதிகளைப் பாருங்கள். கான்கிரீட்டை 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். கான்கிரீட் போட்டு இருபதாம் நாளிலேயே '28 நாள் வலிமை' என்று அறிக்கை கையெழுத்தாகியிருந்தால், அதற்குமேல் பொறியியல் அறிவு எதுவும் தேவையில்லை. பேவர் பிளாக் தளம் என்றால் இன்னும் சுலபம்: எஸ்டிமேட்டில் 80 மில்லிமீட்டர் என்று எழுதி 60 பதித்திருக்கிறார்களா என்பதை உடைந்த ஓரக்கல் ஒன்றே சொல்லிவிடும்.

எஸ்டிமேட்டில் பலர் பார்க்காமல் விடும் பக்கம் லீட் ஸ்டேட்மென்ட். ஜல்லியும் மணலும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்ற கணக்கு அது. குவாரி 12 கிலோமீட்டரில் இருக்க 40 கிலோமீட்டர் என்று எழுதினால், ஒரு கல்கூடக் குறையாமல் விலை மட்டும் ஏறிவிடும். கடைசிப் பக்கங்கள் அலுப்பூட்டும் என்பதாலேயே அங்கே ஒளித்து வைக்கிறார்களோ என்னவோ.

டெலிவரி

சட்டம் தரும் கெடு 30 நாள், மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. நடைமுறையில் 28ஆம் நாளோ 29ஆம் நாளோ ஒரு கடிதம் வரும்: '620 பக்கங்கள் உள்ளன, 1,240 ரூபாய் செலுத்தினால் வழங்கப்படும்.' அந்தக் கடிதம் போன நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது. கெடுவை நீட்டச் சட்டத்துக்கு உட்பட்ட வழி அது. இதைத் தவிர்க்க மனுவிலேயே 'முதலில் கோப்பைப் பார்வையிட விரும்புகிறேன், பார்வையிட்டபின் குறிப்பிடும் பக்கங்களுக்கு மட்டும் நகல் தருக' என்று எழுதிவிடுங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் புரட்டட்டும், ஒருவர் பக்க எண்ணைக் குறிக்கட்டும். 620 பக்கத்தில் தேவைப்படுவது பெரும்பாலும் 30, 40 பக்கம்தான். 30 நாள் கடந்தபின் தந்தால் 7(6) பிரிவின்படி எல்லாம் இலவசம். கட்டணம் கேட்டால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் எழுதலாம்.

மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள் சில உண்டு. 'வணிக ரகசியம், 8(1)(d)' என்பது ஒன்று. டெண்டர் முடிந்து பணம் கொடுத்த பிறகு அரசு எவ்வளவு கொடுத்தது என்பதில் ரகசியத்துக்கு இடமில்லை என்று வாதிடுங்கள். மறைக்க வேண்டியது ஏதும் இருந்தால் 10ஆம் பிரிவின்படி அதை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். 'அலுவலகப் பணி பாதிக்கும், 7(9)' என்பது இன்னொன்று. எந்த வடிவில் தருவது என்பதை மாற்றிக்கொள்ளத்தான் அந்தப் பிரிவு இடம் தருகிறது, தராமலே இருக்க அல்ல. 'கோப்பு காணவில்லை' என்றால் அது சட்டம் சொல்லும் விதிவிலக்கே அல்ல. 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம், காணாத கோப்புக்குத் தேடுதலும் விசாரணையும் பொறுப்பு நிர்ணயமும் வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

உண்மையிலேயே கவலை தருவது 8(1)(j). தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 இந்தப் பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று அகலப்படுத்திவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பயனாளிகள் பட்டியல், கையெழுத்திட்ட அலுவலரின் பெயர், ஒப்பந்ததாரரின் முகவரி என எதையும் இதன் கீழே தள்ளிவிட முடியும். இன்னும் கையில் இருக்கும் ஆயுதம் 8(2): விதிவிலக்கு பொருந்தினாலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். எனவே பெயர்கள் தேவைப்படும் மனுவில் பொதுநலன் என்ன என்பதை முன்கூட்டியே இரண்டு வரி எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்ற 6(2) அப்படியே இருக்கிறது. சொல்லி வைத்தால் இனி லாபம்.

விற்பனைக்குப் பின் சேவை என்று பார்த்தால் இதைவிட மோசமான ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை, 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இவர் பெரும்பாலும் தகவல் அலுவலரின் நேர் மேலதிகாரி. 'விதிப்படி பதில் அளிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதிலிருந்து 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போடலாம். போடுவது அரிது என்பதை சதர்க் நாகரிக் சங்கடன் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வறிக்கைகள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அதற்குள் சாலையின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடிந்து, ஒப்பந்ததாரரின் காப்புத்தொகையும் திரும்பப் போய்விடும். ஆகவே மனுவை அந்தக் காலம் முடிய ஓராண்டாவது இருக்கும்போதே போடுங்கள்.

ஆன்லைனில் போடலாமா?

மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளம் 2013 முதல் இயங்குகிறது. தபால் செலவு இல்லை, பதிவெண் உடனே வரும், முதல் மேல்முறையீட்டையும் அதிலேயே போடலாம். ஆனால் மனு எழுதும் பெட்டியில் 3,000 எழுத்துக்கு மேல் ஏறாது. அதுவும் ஆங்கில எழுத்து, எண், சில குறியீடுகள் மட்டுமே. தமிழில் எழுத வேண்டுமானால் தனியே தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி இணைக்க வேண்டும். கோப்பு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும், கோப்புப் பெயரில் இடைவெளி கூடாது. ஆதார் நகலை இணைக்காதீர்கள், தேவையே இல்லை. பணம் பிடிக்கப்பட்டுப் பதிவெண் வராவிட்டால் பதறி மறுபடி கட்டாமல் ஓரிரு வேலை நாள் பொறுத்திருங்கள், கணக்கு சரிபார்த்தபின் எண் வந்துவிடும். மாநில அரசுத் துறைக்கான மனுவை இதில் போட்டால் திருப்பி அனுப்புவார்கள், பத்து ரூபாயும் திரும்ப வராது. மாநிலத்துக்கெனத் தனித் தளம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளாட்சிப் பணிகளுக்கு இன்றும் தபால்தான் நம்பகமானது. பதிவுத் தபால் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள்.

துணைக்கு வேறு சில வாசல்களும் உண்டு. மாநில டெண்டர் தளத்தில் யார் யார் விலை கொடுத்தார்கள், யாருக்குப் போனது என்பதைக் காசில்லாமல் பார்க்கலாம். இரண்டே பேர் கலந்துகொண்டு, ஒருவர் மதிப்பீட்டுக்கு ஒரு மயிரிழை கீழேயும் மற்றவர் கொஞ்சம் மேலேயும் கொடுத்திருந்தால், அந்த இருவரும் அதே அலுவலகத்தின் முந்தைய டெண்டர்களில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள்; இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்ற பந்தி முறை சில நேரம் பளிச்சென்று தெரியும். விண்ணப்பிக்கும் அவகாசத்தைக் குறைத்திருந்தால், ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் விதிகளின்படி காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தின் நகலை ஆர்டிஐயில் கேளுங்கள். முடிவு விவரத்தைப் பதிவேற்றாமல் விடுவது இந்தத் தளத்தின் தீராத வியாதி.

ஊராட்சி என்றால் 2020இல் வந்த இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் நிதிக்குழு மானியச் செலவைப் பார்க்கலாம். ஊராட்சியின் சொந்த வருவாய்ச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம். அதற்குக் கிராம சபைதான் இடம்: ஆண்டுக்கு ஆறு முறை கூடும், படிவம் 30இல் வரவு செலவுச் சுருக்கத்தை வைக்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் அல்ல. சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் தரமானவை, ஆனால் ஆறிய கஞ்சி. வரும்போது பணம் போய்ப் பல ஆண்டாகியிருக்கும். அதைவிடச் சூடானது உங்கள் நகராட்சியின் உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கை. 'கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள், நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகளின் பட்டியல், அவற்றுக்கு அளித்த பதில்கள்' என்று ஒரு மனு போட்டால், அரசின் தணிக்கையாளரே தோண்டி வைத்த குழிகள் வரிசையாக வரும். புதிதாகத் தொடங்கும் குழுவின் முதல் மனு இதுவாகவே இருக்கட்டும்.

மதிப்பெண் கேட்டால்: விலைக்கு ஐந்துக்கு ஐந்து, கிடைக்கும் ஆவணத்தின் தரத்துக்கு நான்கு, நேரத்துக்கு இரண்டு, மேல்முறையீட்டுக்கு ஒன்று. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்பதற்கெல்லாம் இது வேண்டாம். குறைதீர் எண்ணே வேகமானது. பணம் போய்விட்ட, கோப்பு மூடிவிட்ட வேலைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

பதில் வந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். கடிதத்தில் 28ஆம் நாள் தேதி இருக்கும், உறையின் மேல் அஞ்சல் முத்திரை 41ஆம் நாளைக் காட்டும். 7(6)க்கும் முதல் மேல்முறையீட்டுக்கும் சாட்சி அந்த உறைதான்; கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.